விலை தெரிந்தால் விலை கிடைத்துவிடுமா?

பிப்ரவரி 4, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: "கிராமத்துக்கு செல்போன் வந்தாச்சு, இணையமும் வந்தாச்சு. பத்துச் சந்தையின் விலையை விவசாயி கையில் கொடுத்துவிட்டால் இடைத்தரகர் தானாகவே காணாமல் போவார். கேரள மீனவர்கள் விஷயத்தில் இது நிரூபணமான சங்கதி. எங்கள் குழு இப்போது அப்படி ஒரு விலைச் செயலி செய்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?"

நிறைய வேண்டும். முதலில் அந்த மீனவர் கதையை முழுதாகப் பார்த்துவிடலாம். பாதியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் செயலி செய்யக் கிளம்புகிறார்கள்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு என்று வட கேரளத்தின் மூன்று மாவட்டங்கள், 1997 முதல் 2001 வரை படிப்படியாக செல்போன் கோபுரங்கள் வந்த காலம், மத்தி மீன். செல்போன் வருவதற்கு முன்னால் ஒரு கரையில் மீன் குவிந்து வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டுவார்கள். பக்கத்துக் கரையில் வாங்க வந்தவர்கள் மீன் இல்லாமல் வெறுங்கையோடு திரும்புவார்கள். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலையில் வடகரையில் 11 படகுக்காரர்கள் மீனைக் கொட்டியிருக்கிறார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேறு இரண்டு கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றிருக்கிறார்கள். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் இப்படியே வீண். கடலில் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைக்க ஆரம்பித்ததும் படகிலிருந்தே நாலு கரைக்குப் பேசிவிட்டு, விலை இருக்கும் இடத்தில் கரையேறினார்கள். வீணாவது கிட்டத்தட்ட நின்றுபோனது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் லாபம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இதில் செல்போனை மட்டும் பார்க்கிறவர்கள் படகைப் பார்ப்பதில்லை. விலை தெரிந்த அந்த நிமிஷத்தில் மீனவரின் சரக்கு ஏற்கெனவே ஒரு வாகனத்தில் ஏறியிருக்கிறது, அந்த வாகனம் அவர் கையில் இருக்கிறது, வடக்கே திருப்புவதா தெற்கே திருப்புவதா என்பதை அவரே முடிவு செய்யலாம். கடலில் சுங்கச்சாவடி கிடையாது, குண்டும் குழியுமான சாலை கிடையாது. வயலில் நிற்கும் விவசாயிக்கு இதில் எது இருக்கிறது?

பிப்ரவரி 4, மதியம்

"அப்போ விலைத் தகவலே உபயோகமில்லையா, ஆதாரம் காட்டுங்கள்" என்று கோபமாக ஒருவர்.

உபயோகமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் இருக்கிறது. மகாராஷ்டிராவில் 100 கிராமங்களில் ஃபாஃப்சாம், மின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பரிசோதனை நடத்தினார்கள். குறிப்பிட்ட விவசாயிகளுக்கு ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் என்ற சேவையின் குறுஞ்செய்திகளை ஒரு வருஷம் இலவசமாகக் கொடுத்தார்கள்: சந்தை விலை, வானிலை, பயிர் ஆலோசனை. தக்காளி, வெங்காயம், மாதுளை, கோதுமை, சோயா. 2012-இல் முடிவு வெளிவந்தது. குறுஞ்செய்தி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கிடைத்த விலையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் சராசரியில் இல்லை. விற்கும் இடத்தைச் சிலர் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அந்த அளவு சின்னது.

அதே நாடு, அதே செல்போன். ஒரு இடத்தில் பெரிய மாற்றம், இன்னொரு இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்காமல் அடுத்த செயலிக்குப் போகக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பிப்ரவரி 4, இரவு

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருஷங்கள் இதேபோன்ற ஒரு திட்டத்தில் களப்பணியில் இருந்தேன். தினமும் சாயங்காலம் சுற்றுவட்டாரச் சந்தைகளின் விலை குறுஞ்செய்தியாகப் போகும். செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, படிக்கவும் செய்தார்கள். விற்பனை மட்டும் அதே ஆளுக்குத்தான்.

ஒரு வீட்டில் இதைப் பற்றிக் கேட்டபோது அந்த அக்கா எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு கட்டு காலிச் சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். ஒவ்வொரு சாக்கிலும் நீல மையில் வியாபாரியின் குறி. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, கதிர் வயலில்தான் நின்றது, சாக்கு மட்டும் வந்துவிட்டது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர்தான், நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது ராத்திரியில் பணம் கொடுத்தவரும் அவர்தான், அறுவடையன்று வண்டி அனுப்புகிறவரும் அவரே. "விலை மெசேஜ் வருது தம்பி, படிக்கிறேன். எந்தச் சாக்குல போட்டு எந்த வண்டியில அனுப்பச் சொல்ற?" என்று கேட்டார்.

அதன்பிறகு விலைத் தகவல் என்று யார் பேசினாலும் எனக்கு அந்த நீல மைதான் முதலில் ஞாபகம் வருகிறது. அறுவடையன்று விலை பார்த்து விற்கிற விற்பனை இல்லை இது. விதைக்கும்போதே பாதி விற்றாகிவிட்டது. அறுவடையன்று போய்ச்சேரும் தகவலால் அதில் எதை மாற்ற முடியும்?

பிப்ரவரி 5

"வியாபாரியை வில்லனாக்குகிறீர்கள்" என்று இரண்டு மூன்று பேர். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன், அப்படி ஒரு வாசனை அடிப்பது உண்மைதான். என் எண்ணம் அது இல்லை. ராத்திரியில் பணம் கொடுத்தவர் என்று நான் எழுதியதையும் சேர்த்தே படியுங்கள். எந்த வங்கியும் அந்த நேரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டாது.

வியாபாரி செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: கடன் கொடுக்கிறார், தரம் பிரிக்கிறார், சின்னச் சின்ன அளவுகளைச் சேர்த்து ஒரு லாரி நிறையச் செய்கிறார், வழியில் அழுகினால் நஷ்டத்தைத் தாங்குகிறார், ஊர் பேர் தெரியாத வாங்குபவரிடம் பணம் வராமல் போகும் அபாயத்தையும் ஏற்கிறார். இடைத்தரகரை ஒழிப்போம் என்று கிளம்புகிறவர்கள் இந்த ஐந்து வேலையையும் யார் செய்வார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும்.

இதற்கு நைஜரைப் பார்க்க வேண்டும். (நைஜீரியா இல்லை, அதற்கு வடக்கே சகாராவை ஒட்டிய நாடு, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று.) அங்கே 2001 முதல் 2006 வரை செல்போன் பரவியது. ஜென்னி ஏக்கர் என்ற ஆய்வாளர் தானியச் சந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். சந்தைக்குச் சந்தை இருந்த கம்பு விலை வித்தியாசம் 10 முதல் 16 சதவீதம் குறைந்திருந்தது. போனை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் முக்கியமாக வியாபாரிகள்! முன்பைவிட அதிகச் சந்தைகளில் விசாரித்து, பற்றாக்குறை இருக்கும் ஊருக்குத் தானியத்தை நகர்த்தியிருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவு அதிகமான, தொலைவான சந்தைகளுக்கு இடையில்தான் இந்த விளைவு இன்னும் பலமாக இருந்தது. போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது செலவு பிடிக்கும் இடத்தில் ஒரு போன் அழைப்புக்கு மதிப்பு அதிகம்.

ஆக அங்கே தரகர் ஒழியவில்லை. தன் வேலையை இன்னும் நன்றாகச் செய்தார், அதனால் விலை அங்கங்கே எகிறுவது குறைந்தது. இதுவும் கிராமத்துக்கு நல்லதுதான், ஏனென்றால் கிராமத்தில் நிறையப் பேர் தானியம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். விவசாயி என்றாலே விற்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். நிலம் குறைவாக இருப்பவர் அறுவடையில் விற்று, நாலு மாசம் கழித்து அதே தானியத்தை வாங்குகிறவர்.

பிப்ரவரி 5, மாலை

ஐடிசி நிறுவனத்தின் இ-சௌபால் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: எழுதத்தான் இருந்தேன்.

2000-இல் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தில் சோயா விளையும் கிராமங்களில் ஒரு கணினி. அதில் மண்டி விலையும் தெரியும், நிறுவனம் தரத் தயாராக இருக்கும் விலையும் தெரியும். நிறுவனமே கொள்முதல் மையம் வைத்து, எடை போட்டு, தரம் பார்த்து வாங்கியது. அபராஜிதா கோயல் இதை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்: மண்டியில் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்தது. கவனியுங்கள், மண்டியில். நிறுவனத்துக்கு விற்காதவருக்கும் அந்த உயர்வு கிடைத்தது.

தகவலோடு இன்னொரு வாங்குபவரும் வந்தார். "நீ தராவிட்டால் அங்கே போவேன்" என்று சொல்ல நிஜமாகவே ஒரு "அங்கே" இருந்தது. மகாராஷ்டிரப் பரிசோதனையில் குறுஞ்செய்தி இருந்தது, இப்படிப் புதிதாக ஒரு வாங்குபவர் இல்லை.

பிப்ரவரி 7

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒருவர், தொலைத்தொடர்பு என்பது கிராமத்துக்கு ஆடம்பரம், முதலில் தண்ணீரும் சாலையும் என்று எழுதினார். இது பழைய வாதம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த மெய்ட்லண்ட் ஆணையம் 1980-களின் நடுவில் அறிக்கை கொடுத்தபோதும் இதைத்தான் பேசினார்கள். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் இருக்கும் தொலைபேசிகளைவிட டோக்கியோ என்ற ஒரே நகரத்தில் அதிகத் தொலைபேசிகள் இருந்த காலம் அது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உலகில் எல்லோருக்கும் எட்டுகிற தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. நடக்காது என்றே பலர் நினைத்தார்கள். நடந்தது. ஆனால் செம்புக்கம்பி போட்டு அல்ல, செல்போன் வழியாக.

பங்களாதேஷில் 1997-இல் கிராமீன்போன் என்ற செல்போன் நிறுவனம், ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியில் கடன் வாங்கிய பெண்களிடம் ஆளுக்கு ஒரு செல்போனைக் கொடுத்தது. ஊரார் அவர் வீட்டுக்கு வந்து காசு கொடுத்துப் பேசுவார்கள். அந்தப் பெண்களுக்கு நல்ல வருமானம். பிறகு ஆளுக்கொரு போன் வந்ததும் அந்த வருமானம் படுத்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லோருக்கும் கிடைக்கும்வரை இருந்த பாலம் அது. மக்கள் எதற்காகப் பேசினார்கள் என்பது முக்கியம். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பினானா, எப்போது வரும், எவ்வளவு. திட்டம் போட்டவர்கள் வியாபாரம் வளரும் என்று நினைத்தார்கள், மக்கள் குடும்பத்தோடு பேசினார்கள்.

செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா சேவையும் இப்படித்தான். சிறுகடன் தவணையைப் போன் வழியாகக் கட்டுவதற்கு 2005-இல் சோதனை ஓட்டம். ஆனால் ஜனங்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதை நடத்திய செல்போன் நிறுவனம் புத்திசாலித்தனமாக அதையே பிடித்துக்கொண்டு 2007 மார்ச்சில் வெளியிட்டது. நகரத்தில் இருப்பவர் கிராமத்துக்குப் பணம் அனுப்பப் பேருந்து ஓட்டுநரை நம்ப வேண்டியதில்லை. ஜாக், சூரி என்ற இருவர் 2014-இல் எழுதிய ஆய்வில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று: வீட்டில் திடீரென்று வருமானம் நின்றுபோகும் அடி விழுந்தால், எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 சதவீதம் குறைந்தது, இருந்த குடும்பங்களில் குறையவில்லை. தூரத்து உறவுகளெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டார்கள்.

விலகிப் போகிறேன் என்றேன், விலகவில்லை போலிருக்கிறது. காய்ச்சல் வந்த ராத்திரிக்கு வியாபாரியைத் தவிர இன்னொரு வழி இருந்தால் அந்த நீல மைச் சாக்கின் பிடி கொஞ்சம் தளரும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத சேவை, விலைச் செயலியைவிட அதிகமாக விற்பனையை மாற்றக்கூடும்.

பிப்ரவரி 8

"வானொலியை மறந்துவிட்டீர்கள்." மறக்கவில்லை. என் அப்பா தலைமுறைக்கு அதுதான் எல்லாம்.

1956-இல் யுனெஸ்கோ உதவியோடு புனே பகுதியில் 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றம் நடத்தினார்கள். பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி. வானொலிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஊரில் ஒரு குழு கூடிக் கேட்கும், கேட்டுவிட்டு விவாதிக்கும், சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பும், அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். பிறகு அளந்து பார்த்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவு இல்லை. நாடு முழுக்க விரித்தபோது அந்தக் கவனிப்பு தொடரவில்லை, மங்கிப்போனது.

கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் திட்டம் முடியும் சமயத்தில், காய்கறி போடும் சிலர் தாங்களாகவே ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினார்கள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. எழுதத் தெரியாதவர்கள் குரலில் அனுப்புவார்கள். ஆளாளுக்கு அன்றைய எடைச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். விலை எல்லாச் சீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் விஷயம்: கமிஷன், இறக்குக்கூலி, சாக்கு எடைக்குக் கழிவு, "ஈரம்" என்று ஒரு கழிவு, வெறுமனே கோடு போட்டு ஒரு கழிவு. ஒரே நாள், ஒரே சந்தை, ஒரே விலை, கைக்கு வந்தது ஆளுக்கு ஒரு மாதிரி. ஒருவருக்குச் சாக்கு எடை என்று கழித்தது இன்னொருவருக்குக் கழித்ததைப்போல இரண்டு மடங்கு.

சண்டை போடவில்லை. அடுத்த தடவை சந்தைக்குப் போனபோது, "பக்கத்துக்காரருக்கு இவ்வளவுதானே கழிச்சீங்க" என்று போனைக் காட்டிக் கேட்டார்கள். கோடு போட்ட கழிவு சில சீட்டுகளில் காணாமல் போனது. எங்கள் குறுஞ்செய்தியில் சந்தை விலை இருந்ததே தவிர, கழிவு என்ற சொல்லே இருந்ததில்லை. விவசாயிக்குத் தெரிய வேண்டிய எண் கடைசி வரியில் இருப்பது என்று எங்களுக்கு அவர்கள்தான் காட்டினார்கள். இது ஒரு குழுவில் நான் பார்த்தது, ஆய்வு இல்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11

காத்திருக்கும் சக்தி பற்றி. தானியம் விளைவிப்பவருக்கு எந்தச் சந்தையில் விற்பது என்பதைவிட எந்த மாசத்தில் விற்பது என்பது பெரிய கேள்வி. அறுவடையில் விலை விழும், சில மாசத்தில் ஏறும். இது எந்தச் செயலியும் இல்லாமலே எல்லா விவசாயிக்கும் தெரியும்! தெரிந்தும் விழுந்த விலைக்கே விற்கிறார்கள், ஏனென்றால் பள்ளிக்கூடக் கட்டணமும் பழைய கடனும் அறுவடையன்றே வாசலில் நிற்கின்றன. தகவல் குறைபாடு எங்கே இருக்கிறது இதில்?

மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளுக்கு அறுவடைச் சமயத்தில் ஒரு கடன் கொடுத்துப் பார்த்தார்கள்; 2019-இல் வெளிவந்த ஆய்வு. அந்தப் பணத்தில் அவசரச் செலவை முடித்துக்கொண்டு சோளத்தை வைத்திருந்து பிறகு விற்றார்கள். போட்ட பணத்துக்கு 29 சதவீதம் வருமானம். இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குக் கடன் கொடுத்த வட்டாரங்களில் உள்ளூர் விலையே ஓரளவு சமமானது, கடன் வாங்காத அக்கம்பக்கத்தாருக்கும் பலன் போனது. கடன் வாங்கியவரின் தனி லாபம் அங்கே குறைந்தது என்பதும் உண்மை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஊருக்குப் பரவியது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அழுகும் காய்க்கு இது பொருந்தாது என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: ஆமாம், பொருந்தாது. அங்கே குளிர்பதனம், சாலை, வாங்குபவர்களின் எண்ணிக்கை. ஒரே மருந்து எல்லாப் பயிருக்கும் கிடையாது.

பிப்ரவரி 12

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, அப்போ செயலியை மூட்டை கட்டிவிடவா?"

வேண்டாம், செய்யுங்கள். ஆனால் நிரல் எழுதுவதற்கு முன்னால் உங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் பேரிடம் போன அறுவடையின் எடைச் சீட்டுகளை வாங்கிப் பாருங்கள், எல்லோரும் ஒரே ஆளுக்கு விற்றிருக்கிறார்களா, அவர் முன்பணம் கொடுத்தவரா, வண்டி யாருடையது என்று விசாரியுங்கள். முன்பணத்தால் கட்டுண்ட ஊரில் விலையைக் காட்டுவதைவிட, கடனுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ குழுவையோ சேர்த்துப் பிடித்தால்தான் வேலை நகரும். வண்டிதான் தடை என்றால், நாளை சரக்கு அனுப்பும் நாலு பேரை ஒரே லாரியில் சேர்த்துவிடும் வசதியைச் செயலியில் வையுங்கள், விலைப் பட்டியல் ஓரமாக இருக்கட்டும். விலை போடுவதாக இருந்தால் கழிவெல்லாம் போகக் கைக்கு வந்த தொகையைப் போடுங்கள். குரலில் அனுப்ப வழி இருக்கட்டும். வியாபாரிகளையும் உள்ளே விடுங்கள். அவர்கள் இல்லாத சந்தையில் யாரும் விற்க முடியாது.

அப்புறம் நேரம். எங்கள் குறுஞ்செய்தி சாயங்காலம் ஏழு மணிக்குப் போகும். காய் பறிப்பது மத்தியானமே முடிந்து, ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். பறிப்பதற்கு முன்னால், விடியற்காலையிலேயே அனுப்புங்கள்.